அம்மாவுக்காகக் குறைத்த அந்த 5 மணி நேரம்!

2022 நவம்பர் 19. மதியம் மூன்று மணி. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலைய வாசலில் இரண்டு பெரிய பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார் அந்த அம்மா. வயது 61. முதல் விமானப் பயணம். போகிற இடம் கனடாவின் டொரன்டோ. அங்கே மகளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் குறித்த தேதி நவம்பர் 26.

பெட்டிக்குள் பிரசவ லேகியம், சுக்கு, நல்லெண்ணெய், பிள்ளைக்குப் பழைய காட்டன் சேலையில் கிழித்துத் தைத்த துணிகள், மருமகனுக்கு இரண்டு டப்பா மக்ரூன். மக்ரூன் நொறுங்காமல் இருக்கச் சுற்றிலும் துணிகளை அடுக்கியிருந்தார்.

கனடா விசா கைக்கு வரவே நவம்பர் இரண்டாவது வாரம் ஆகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நெருக்கத்தில் கிளம்ப வேண்டியிருந்தது. டிக்கெட் போட்டது மகன். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு கிளியரிங் அலுவலகம் ஒன்றில் வேலை. கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறி, எந்தத் துறைமுகத்தில் மாறி, எப்போது போய்ச் சேரும் என்று தினமும் கணக்குப் போடுகிறவர். அம்மாவின் பயணத்தையும் அதே கவனத்தோடுதான் திட்டமிட்டார்.

சென்னையிலிருந்து இரவு 9 மணிக்கு வளைகுடா நகரம் ஒன்றுக்கு விமானம். அங்கே மாறினால் நேராக டொரன்டோ. இந்த இரண்டும் ஒரே டிக்கெட். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட். அதில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, மதியம் 1.10-க்குச் சென்னை போய்ச் சேரும் விமானம். இன்னொன்று, மாலை 6.10-க்குப் போய்ச் சேருவது.

டிராவல்ஸ் கடைக்காரர் மதிய விமானத்தைத்தான் சொன்னார். மகன் கேட்கவில்லை. "எட்டு மணி நேரம் அம்மா தனியா ஏர்போர்ட்ல உக்காந்திருக்கணும்லா... மூட்டு வலி வேற. சாயங்கால ஃப்ளைட்டே போடுங்க. மூணு மணி நேரம் இருக்கே, போதும்" என்றார்.

பணத்தை மிச்சம் பிடிக்கும் எண்ணம் அதில் துளியும் இல்லை. சொல்லப்போனால் மாலை விமானத்துக்கு 600 ரூபாய் கூடுதல். அம்மா கஷ்டப்படக் கூடாது என்ற ஒரே நினைப்புதான்.

கையில் இருந்தது மூன்று மணி நேரமா?

மாலை 4.30-க்குக் கிளம்ப வேண்டிய விமானம் 5.35-க்குத்தான் கிளம்பியது. சென்னையில் மழை என்றார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது புதிதல்ல. சென்னைக்கு மேலே வந்த பிறகும் உடனே இறங்க இடம் கிடைக்கவில்லை, வட்டமடித்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது மணி 7.35.

பஸ்ஸில் ஏறி முனையத்துக்கு வந்து, பெட்டி வருவதற்காகக் காத்து நின்றார். இரண்டாவது பெட்டி கைக்கு வந்தபோது 7.58. உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையம் நடந்து போகும் தூரம்தான். ஆனால், இரண்டு பெட்டிகளை வைத்த தள்ளுவண்டி, மூட்டு வலி, தெரியாத இடம். வழி கேட்டுக் கேட்டு வாசலுக்கு வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனபோது 8.14.

கவுன்ட்டர் மூடியிருந்தது.

விமானம் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால், பன்னாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். 9 மணி விமானம் என்றால் அந்த அம்மாவுக்கு அது 8 மணி விமானம். மகன் போட்ட கணக்கில் விட்டுப்போனது அந்த ஒரு மணி நேரம்தான்.

கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தால் புரியும். மாலை 6.10-லிருந்து இரவு 9 வரை 2 மணி 50 நிமிடம். அதில் கடைசி ஒரு மணி நேரத்தைக் கழித்தால் 1 மணி 50 நிமிடம். விமானத்திலிருந்து இறங்கி, பெட்டி எடுத்து, முனையம் மாறி வரிசையில் நிற்க 40 நிமிடம். மிச்சம் 1 மணி 10 நிமிடம். விமானம் தாமதமானதோ 1 மணி 25 நிமிடம்.

மூன்று மணி நேரம் என்று நினைத்த இடத்தில் உண்மையில் இருந்தது 70 நிமிட அவகாசம்தான். அது 15 நிமிடத்தில் கைவிட்டுப் போனது.

இரண்டு டிக்கெட், இரண்டு உலகம்

உள்நாட்டு விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் கேட்டால், "நாங்க சென்னைக்குக் கொண்டுவந்து விட்டுட்டோம்மா" என்றார்கள். வெளிநாட்டு நிறுவனத்திடம் கேட்டால், "நீங்க நேரத்துக்கு வரலையேம்மா" என்றார்கள். இருவர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரி. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுக்கு இடையே இருக்கும் பள்ளத்துக்கு யாரும் பொறுப்பில்லை. அதில் விழுகிற செலவு பயணியுடையது.

ஒரே முன்பதிவு எண்ணில் மொத்தப் பயணமும் இருந்திருந்தால் கதை வேறு. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், அடுத்து கிடைக்கும் விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியது நிறுவனத்தின் வேலை. அப்படி விற்கும்போது ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் வரையறுத்திருக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்குக் குறைவாக விற்கவும் மாட்டார்கள். பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர் வரைக்கும் நேராகப் போய்விடும்.

பெட்டியின் எடையிலும் இதே கதைதான். உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக 15 கிலோதான் அனுமதி. கனடா டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள். தனி டிக்கெட் என்பதால் தூத்துக்குடியிலேயே கூடுதல் எடைக்குப் பணம் கட்டித்தான் அந்த அம்மா கிளம்பியிருந்தார்.

அன்று இரவு மகனுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "எய்யா, கதவை மூடிட்டாங்களாம். நான் எங்க போவட்டும்?" என்றார். குரலில் அழுகை இல்லை. அதைத்தான் மகனால் தாங்க முடியவில்லை.

பெரம்பூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த இரண்டு நாள்களும் கைக்கு எட்டும் விலையில் இடம் இல்லை. 22-ம் தேதி இரவுக்குத்தான் கிடைத்தது. முதல் டிக்கெட்டில் திரும்பி வந்தது சொற்பம். புது டிக்கெட்டுக்கு நகைக்கடனில் கை வைக்க வேண்டியிருந்தது. "26-ம் தேதிதானே, அதுக்குள்ள போயிரலாம்" என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

குழந்தைக்கு அந்தத் தேதி தெரியாது. டொரன்டோவில் நவம்பர் 21-ம் தேதி இரவு 11.40-க்குப் பிறந்துவிட்டது. பெரம்பூரில் அப்போது மறுநாள் காலை 10.10. சித்தி வீட்டுக் கூடத்தில், போன் திரையில்தான் பேத்தியை முதலில் பார்த்தார் அந்த அம்மா. அவருடைய பெட்டிகள் இரண்டும் கதவோரம் கட்டியபடியே நின்றன. முதலில் போட்ட திட்டப்படி நடந்திருந்தால், 20-ம் தேதியே மகள் வீட்டில் இருந்திருப்பார்.

இணைப்புக்குப் பழகிய ஊர்

இறங்கி, மாறி, மறுபடி ஏறிப் போவது தூத்துக்குடிக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ஒரு காலத்தில் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் தள்ளித்தான் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்த வழி தனுஷ்கோடிக்கு மாறியது. அதற்கு முன்பே, 1906-ல், வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதே தூத்துக்குடி - கொழும்பு வழித்தடத்துக்காகத்தான். 2011 ஜூன் மாதம் கொழும்புக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதங்களிலேயே நின்றுபோனது.

அதற்கும் முன்னால் தோணி. இந்தக் கரையில் 'தோணி' என்றால் சின்னப் படகு அல்ல. பாய் விரித்து, சரக்கேற்றிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் மரக்கலம். அதை நடத்துகிறவர் 'தண்டல்'. அந்த அம்மாவின் கணவர் தண்டலாக இருந்தவர். இறந்து 11 வருடங்கள் ஆகின்றன.

கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போகாமல் கரையில் கட்டிக் கிடக்கும். மற்ற நாள்களிலும் சரக்கு சேர வேண்டும், காற்று வாய்க்க வேண்டும். முத்துக்குளிப்பும் அப்படித்தான். பாரில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் குளிப்பே அறிவிப்பார்கள். வருடக்கணக்கில் அறிவிப்பு வராமலும் போகும். 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. காத்திருப்பதும் தொழிலில் ஒரு பங்கு என்று தெரிந்த ஊர் இது.

2023 ஏப்ரலில் அந்த அம்மா கனடாவிலிருந்து திரும்பினார். அந்தப் பயணத்தில் மகன் தவறு செய்யவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும்போது, இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பொதுவாகக் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்துக்கொண்டு, பிறகுதான் உள்நாட்டு விமானத்துக்குப் போக வேண்டும். போகும்போது ஆகும் நேரத்தைவிட இதற்குக் கூடுதலாகவே ஆகும். அதனால் விமானமே வேண்டாம் என்று முடிவு செய்தார். தானே சென்னைக்குப் போய் அம்மாவை அழைத்துக்கொண்டு, இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினார்.

ரயிலில்தான் அந்தப் பேச்சு வந்தது. ஐந்து மாதமாக மனதில் வைத்திருந்ததை மகன் சொல்லிவிட்டார். "என்னாலதாம்மா. மதிய ஃப்ளைட்ல போட்டிருந்தா நீ இருந்திருப்ப."

அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஏம்ய்யா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? உங்கப்பா காத்துக்காகப் பத்து நாள், பதினஞ்சு நாள் கொழும்புல கெடப்பார். போனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு இங்கன காத்துக்கிடப்பேன். எட்டு மணி நேரம் உக்காருறது எனக்குப் பெரிசா?"

மகனிடம் பதில் இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி என்று நினைத்தாரே தவிர, அம்மாவுக்குக் காத்திருக்கத் தெரியும் என்று நினைக்கவில்லை. நம்மில் பலர் செய்வதும் இதுதான். பெற்றோரின் சிரமத்தைக் குறைக்கிறோம் என்று நாமே முடிவெடுக்கிறோம். அவர்களிடம் கேட்பதில்லை.

மகளும் அண்ணனைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு முறை மட்டும், பேச்சுவாக்கில், "லேபர் ரூம்ல நர்ஸ் வந்து, வெளியில யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்கண்ணே" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

இரண்டாவது முறை

2024 அக்டோபரில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். இந்த முறை மகன், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காகிதத்தில் கணக்கைத் தலைகீழாக எழுதினார். எப்போது கிளம்ப வேண்டும் என்று தொடங்கவில்லை. மகள் வீட்டில் எப்போது இருந்தே ஆக வேண்டும் என்று தொடங்கினார். குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பு. அங்கிருந்து பின்னோக்கி வந்தார்.

வளைகுடா நகரத்தில் மாறுவதற்கு முன்பு 1 மணி 35 நிமிடம் இருந்தது. ஒரே டிக்கெட் என்பதால் அது விதிப்படி செல்லும். ஆனால், இறங்கியதும் மறுபடி பாதுகாப்புச் சோதனை, கேட் தேடி நீண்ட நடை, விமானம் கிளம்ப 20 நிமிடம் முன்பே கேட் மூடிவிடுவது என எல்லாவற்றையும் கழித்தால் முதல்முறை பயணிக்கு அது நெருக்கடிதான். இந்த முறை 5 மணி நேர இடைவெளி இருக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தார். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வைத்தார். மூட்டு வலி உள்ள, மொழி தெரியாத பெரியவர்களை ஒரு விமானத்திலிருந்து அடுத்த விமானத்தின் வாசல் வரை ஆளே கூட்டிப்போய் விடுவார். ஆனால், எல்லோரும் இறங்கிய பிறகுதான் நாற்காலி வரும். அதற்கும் நேரம் வேண்டும்.

இடையில் இறங்கும் நாட்டுக்கு டிரான்சிட் விசா தேவையா என்றும் பார்த்துக்கொண்டார். சில நாடுகளில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும்கூட அது தேவைப்படும். நாட்டுக்கு நாடு, பாஸ்போர்ட்டுக்கு பாஸ்போர்ட் இது மாறும் என்பதால் டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அங்கே முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடி போட வேண்டியிருக்கும். அங்கே ஒன்றரை மணி நேர இணைப்பை நம்பக் கூடாது.

சென்னைக்கு? முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். முதல் நாள் இரவு ஏறி, காலையில் எழும்பூர். பெரம்பூர் சித்தி வீட்டில் குளித்து, சாப்பிட்டு, மதியம் ஒரு தூக்கம். மாலை நான்கரைக்கே விமான நிலையம். ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகியிருந்தாலும் பாதகமில்லை.

வளைகுடா நகரத்தின் ஐந்து மணி நேரத்தையும் அந்த அம்மா சும்மா கழிக்கவில்லை. கைப்பையில் இருந்த இட்லியைப் பொடி தொட்டுச் சாப்பிட்டார். ஜெபமாலை சொன்னார். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு தவித்த கேரளத்துப் பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கி, அவள் முகம் கழுவிவிட்டு வரும் வரை தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மகன் இரண்டு முறை போன் செய்து, "கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டார். "இங்க ஏசி போட்டு, நாக்காலி போட்டு வச்சிருக்கான். என்ன கஷ்டம்? நீ போய்த் தூங்கு" என்றார் அம்மா.

இந்த முறை நர்ஸ் வந்து கேட்டபோது, வெளியில் ஆள் இருந்தது. பேரனின் முதல் குளியல் பாட்டியின் கையில்தான்.

வாகைக்குளத்தில் இப்போது

வாகைக்குளம் விமான நிலையம் இன்று மாறிவிட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2025 ஜூலை 26 அன்று திறந்து வைத்தார். பெரிய விமானங்கள் வந்து இறங்கும் வசதி வந்துவிட்டது. இங்கிருந்து நேராக வெளிநாட்டுக்குப் பறக்கும் நாள் வரும் வரை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சென்னையோ பெங்களூரோ மதுரையோ திருவனந்தபுரமோ, எங்காவது ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும்.

அந்த மகனிடம் இப்போது தெருக்காரர்கள் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கப்பலில் வேலைக்குச் சேரப் போகும் பையன், மகளைப் பார்க்க லண்டன் போகும் ஓய்வுபெற்ற டீச்சர், பேரன் திருமுழுக்குக்குப் போகும் தாத்தா, பாட்டி எனப் பலர். அவர் யாரிடமும் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. போனை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்றே கேள்விகள் கேட்பார்.

"ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா? கவுன்ட்டரை எத்தனை மணிக்கு மூடுவான்? முதல் ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட்டானா என்ன பண்ணுவீங்க?"

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், முந்தைய விமானத்தில் போகச் சொல்வார். இல்லையென்றால் முதல் நாள் ரயிலில். "அவ்வளவு நேரம் அங்க போய் என்ன செய்யறது?" என்று யாராவது கேட்டால், பதிலை உள்ளே இருக்கும் அம்மாவிடம் விட்டுவிடுவார்.

"உக்காந்திருங்க. இருக்கிற எடத்துல உக்காந்திருக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. இருக்க வேண்டிய எடத்துல இல்லாமப் போறதுதான் கஷ்டம்" என்பார் அந்த அம்மா.